வனவிலங்குப் பாதுகாப்பில் முழுப் புலமைப்பரிசிலோடு முதுமாணி: மலையக மாணவர்களுக்கு

பிரித்தானியா, ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா எனப் பல இடங்களில் வளர்முக நாட்டு மாணவர்கள் வனவிலங்குப் பாதுகாப்பும் சூழலியலும் படிக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். கீழே சொல்லப்போகிற திட்டங்களுக்கு இலங்கையர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ சப்ரகமுவவிலோ விலங்கியல், தாவரவியல் முடித்த மலையகப் பிள்ளைகளில் பலர் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பதோடு நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு" என்று வீட்டிலும் சொல்வார்கள், பல்கலைக்கழகத்திலும் சொல்வார்கள். அது பிழை. ஏன் பிழை என்பதையும், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தெரிவுக் குழு பார்ப்பது பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமல்ல. "இவர் எந்த இடத்துப் பிரச்சினையைக் கையில் எடுக்கிறார்? அங்கே உள்ள மக்களோடு இவரால் பேச முடியுமா? படித்து முடித்துப் போனால் எதை மாற்றுவார்?" இதுதான் அவர்களுடைய கேள்வி. மலையகத் தமிழ் மாணவரிடம் இதற்குப் பதில் இருக்கிறது. கையில் இருக்கிறது, கடதாசியில்தான் இல்லை.

அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாடுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம். தேயிலை மலைகளுக்கு இடையில் மிஞ்சிய காட்டுத் துண்டு, ஆற்றோரப் புதர், டர்பன்டைன் தோப்பு, கொழுந்து எடுக்காமல் விட்ட பழைய மலை என்று அது தன் வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆனால் மலைநாட்டுச் சிறுத்தை அந்த எல்லைக்குள் மட்டும் வாழவில்லை. இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவுக்கே உரிய துணையினம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) செம்பட்டியலில் அது அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம்.

அதைக் கொல்வது பெரும்பாலும் அதற்கென்று வைத்த பொறி அல்ல. காட்டுப்பன்றிக்கும் மரைக்கும் வைக்கிற கம்பிக் கண்ணிதான். மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கேபிள் போன்ற முறுக்குக் கம்பியைச் சுருக்குப் போட்டு, பன்றி வந்துபோகும் தடத்தில் வேலி இடைவெளியிலோ மரக்கறிப் பாத்தியின் ஓரத்திலோ தொங்கவிடுவார்கள். மறுமுனை ஒரு முளையிலோ தேயிலைத் தூரிலோ கட்டப்பட்டிருக்கும். பன்றியின் தலை உயரத்துக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை நுழைந்தால் கழுத்திலோ இடுப்பிலோ இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். வெளியே தோலில் ஒரு கோடுதான் தெரியும், உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கலாம். உயிரோடு மீட்ட சிறுத்தையும் சில நாளில் இறந்துபோவது இதனால்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது செத்துப்போனது.

கண்ணியை வைப்பவர் யார், எதற்காக வைக்கிறார், பன்றி எந்தப் பாத்தியை எந்த மாதத்தில் கிண்டுகிறது, சிறுத்தையை முதலில் காண்கிற கொழுந்து பறிக்கும் அக்காமார் அதை யாரிடம் சொல்கிறார்கள், யாரிடம் சொல்வதில்லை. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறது, அதுவும் தமிழில். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு வால்பாறையைப் பாருங்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் தமிழ். யானை எங்கே நிற்கிறது என்பதைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பியும், கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்கை உயரமான இடங்களில் ஏற்றியும் அங்கே மனித உயிரிழப்பைக் குறைத்தார்கள். அந்த வேலைக்காக நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்த குமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கான விட்லி விருது கிடைத்தது. தோட்டத்து மொழி தெரிந்திருப்பது இந்தத் துறையில் ஒரு தொழில் தகைமை. விண்ணப்பத்தில் அதைத் தகைமை என்றே எழுதுங்கள்.

முதலில் பதிவு, பிறகுதான் படிவம்

படிப்பு தொடங்க விரும்பும் செப்டெம்பருக்கு மூன்று வருடம் முன்னதாக ஆரம்பியுங்கள். காரணம் எளிது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில், படிப்புக்கு முந்திய வருடம் விண்ணப்பிக்கும்போதே 2,800 மணித்தியாலத் தொழில் அனுபவம் கேட்கிறது. வாரம் 35 மணித்தியாலம், வருடத்துக்கு 40 வாரம் என்று பார்த்தால் அது இரண்டு வருட வேலை. ஜெர்மனியின் டிஏஏடி நிறுவனம் வளர்முக நாட்டவர்களுக்கு வழங்கும் முதுமாணிப் புலமைப்பரிசிலும் பட்டத்துக்குப் பிந்திய இரண்டு வருடத் தொழில் அனுபவத்தைக் கேட்கிறது. கூடவே கடைசிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் போயிருக்கக்கூடாது என்கிறது. நியமனத்துக்காக நாலைந்து வருடம் காத்திருந்து பிறகு யோசிப்பவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிடுகிறது.

அனுபவம் என்றால் சம்பளம் வாங்கிய வேலை மட்டும்தான் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். செவனிங் பகுதிநேர வேலையையும் தொண்டு வேலையையும் பயிற்சியையும் கணக்கில் எடுக்கும். ஆனால் கடிதம் வேண்டும். பாடசாலைச் சுற்றாடல் கழகத்தை நடத்தியது, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கள பறவையியல் குழுவுக்குக் கணக்கெடுப்பில் உதவியது, இளம் விலங்கியலாளர் சங்கத்தில் இருந்தது, மலைநாட்டுச் சிறுத்தைகளை ஆராயும் அமைப்பொன்றில் களத் துணைவராகப் போனது, எல்லாமே கணக்கில் சேரலாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்ன பொறுப்பு என்ற மூன்றும் கடிதத் தலைப்போடு எழுதி ஒப்பமிட்ட கடிதத்தை வேலை முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் பொறுப்பாளர் மாறியிருப்பார்.

எந்த அமைப்பும் கிட்டவில்லை என்றாலும் பதிவைத் தொடங்கலாம். பறவைகளையும் மற்ற உயிரினங்களையும் பதியும் இணையத்தளங்களான ஈபேர்டிலும் ஐநேச்சுரலிஸ்டிலும் கணக்குத் திறப்பது இலவசம். நீங்கள் போடும் ஒவ்வொரு பட்டியலும் தேதி, நேரம், இடத்தோடு நிற்கும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் வந்துபோகும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற வலசைப் பறவைகளை ஒரே பாதையில், ஒரே நேரத்தில், கிழமைக்கு ஒருமுறை, ஒக்டோபர் முதல் மார்ச் வரை பதிவு செய்தால் அது ஒரு தரவுத்தொகுதி. நினைத்த நேரம் போய் எடுத்த நூறு படங்கள் தரவுத்தொகுதி ஆகாது. பறவை காணாத நாளையும் பதியுங்கள். "தேடினேன், இல்லை" என்ற பதிவு இல்லாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. புதியவர்கள் எல்லோரும் விடுகிற இடம் இது.

அனுமதி விசயத்தில் கவனம் தேவை. தேசிய பூங்கா போன்ற காப்பகங்களுக்குள் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும், வனத் திணைக்களத்தின் காட்டுக்கு அந்தத் திணைக்களத்தின் அனுமதி. தோட்டக் காணியில் விலங்கு வந்தால் தானாகப் படமெடுக்கும் கெமராப் பொறி வைக்கவோ நடந்து கணக்கெடுக்கவோ தோட்ட முகாமையாளரிடம் கடிதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் துரை சரி சொன்னது போதாது. அனுமதியில்லாமல் எடுத்த தரவை விண்ணப்பத்தில் காட்டினால் அதைப் படிக்கிற பேராசிரியருக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இது எல்லாவற்றையும்விட முக்கியம். கண்ணி வைப்பது பற்றித் தோட்டத்து மக்களிடம் கேட்பது ஒரு குற்றத்தைப் பற்றிக் கேட்பது. பெயர், லய இலக்கம், அடையாளம் காட்டும் படம் எதையும் பதியக்கூடாது. "நீங்கள் கண்ணி வைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் பொய்தான் வரும், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஆபத்தும் வரும். இதற்குத் துறையில் ஒரு வழி உண்டு. பதிலளிப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதியினருக்கு, கடந்த வருடம் செய்தவை என்று நான்கு சாதாரண விசயங்களைக் காட்டுங்கள்: மரக்கறி நட்டது, நாய் வளர்த்தது, விறகு எடுத்தது, மாடு வைத்திருந்தது. இரண்டாம் பாதியினருக்கு அதே நான்கோடு கண்ணி வைத்ததையும் சேர்த்து ஐந்து. எவற்றைச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்ற எண்ணை மட்டும் சொல்லட்டும். இரு குழுக்களின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணி வைப்போரின் மதிப்பீட்டு விகிதம். யார் வைத்தார் என்பது கேட்பவருக்கும் தெரியாது. இதில் விழும் பிழை இரண்டு. ஆள் குறைந்தால் மதிப்பீடு அகலமாகிப் பயனற்றுப்போகும், ஒவ்வொரு பாதியிலும் நூற்றுக்கு மேல் வேண்டும். நான்கும் எல்லோரும் செய்கிற காரியமாக இருந்தால் "ஐந்து" என்று சொல்பவர் மாட்டிக்கொள்வார், ஆகவே அரிதான ஒன்றிரண்டையும் கலந்து வையுங்கள். இப்படியொரு முறையை அறிந்து நான்கு வரியில் எழுதக்கூடிய மாணவரைத் தெரிவுக் குழு மறக்காது.

களச் செலவுக்கு ரஃபர்ட் அறக்கட்டளையின் சிறு உதவித்தொகை, முகமது பின் சையத் இனப் பாதுகாப்பு நிதியம், உபகரணம் கொடுக்கும் ஐடியா வைல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். இவை படிப்புக் கட்டணம் கட்டுவதற்கானவை அல்ல. ஆனால் இவற்றில் ஒன்றைப் பெற்று முடித்து அறிக்கையும் கொடுத்தவர் என்பது பின்னால் எந்தப் புலமைப்பரிசில் படிவத்திலும் கனமான வரி.

யார் எதைக் கொடுக்கிறார்கள்

நம்மவர்களுக்கு மிகப் பொருத்தமானது பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில். கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் சேர்ந்தது. இது பண வசதி இல்லாதவர்களுக்கென்றே வைத்த திட்டம். பணம் இல்லாமல் பிரித்தானியாவில் படிக்க முடியாது என்று காட்ட வேண்டியிருப்பதால் தோட்டக் குடும்பப் பின்னணியை மறைக்க வேண்டிய தேவையில்லை, நேராக எழுதலாம். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கேட்பார்கள். கீழ்ப்பிரிவு என்றால் துறைசார்ந்த முதுமாணி ஒன்று ஏற்கனவே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் ஒரு முதுமாணியை முடித்துவிட்டு வருவது நல்ல வழி. தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு: பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆணைக்குழுவின் இணையப் படிவம் வேறு, பல்கலைக்கழகத்தின் அனுமதி விண்ணப்பம் வேறு. இரண்டும் போக வேண்டும், இரண்டுக்கும் கடைசித் தேதி வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்பு இந்த வருடம் பட்டியலில் இருக்கிறது என்பதும் வருடா வருடம் மாறும். கென்ட் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய டரல் நிறுவகம் போன்ற பாதுகாப்பு உயிரியல் துறைகளின் பக்கங்களை செப்டெம்பரிலிருந்தே பாருங்கள். வீட்டைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள பெண்களுக்கு, பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசில் இருக்கிறது. இங்கேயே இருந்துகொண்டு பிரித்தானிய முதுமாணி படிக்கலாம்.

செவனிங் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் அளவில் மூடும். மூன்று படிப்புகளைத் தெரிவு செய்ய வேண்டும். தலைமைத்துவம், தொடர்புகள், ஏன் இந்தப் படிப்பு, தொழில் திட்டம் என்று தனித்தனிக் கேள்விகள் இருக்கும். சூழலியல் மாணவர்கள் தலைமைத்துவக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். பதவியை எழுதாதீர்கள், பத்துப் பேர் ஒத்துக்கொள்ளாத ஒரு காரியத்தை அவர்களோடு பேசி எப்படி நடத்தி முடித்தீர்கள் என்று எழுதுங்கள். முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிக்குத் தொழில் அனுபவம் கட்டாயம் என்ற பொது விதி இல்லை. இறுதியாண்டு மாணவரும் போடலாம். கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, கூடியது 24 மாதம். இரண்டு மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்க வேண்டும். வெப்பவலயப் பல்லுயிர்த்தன்மை பற்றிய ட்ரோபிமுண்டோ பிரசல்ஸிலிருந்து நடத்தப்பட்டு வந்தது. விண்ணப்பிக்கும் வருடத்தில் எந்தெந்தப் படிப்புக்குப் பணம் உண்டு என்பதை ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை ஒக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடிவிடும்.

டிஏஏடி திட்டத்தில் விண்ணப்பம் நேராகப் பாடநெறிக்கே போகிறது. காடும் வெப்பவலயக் காட்டு முகாமைத்துவமும் படிக்க விரும்புவோர் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாராண்ட் வளாகத்தைப் பாருங்கள். தொழில் வழங்குநரின் கடிதமும், கையொப்பமிட்ட ஊக்கக் கடிதமும் கேட்பார்கள். கையொப்பம், தேதி இல்லாமல் அனுப்பி நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

களத்தில் சில வருடம் வேலை செய்து முதிர்ந்தவர்களுக்கு கேம்பிரிட்ஜின் பாதுகாப்புத் தலைமைத்துவ எம்ஃபில். 2010இல் தொடங்கியது, வருமானம் குறைந்த நாட்டவர்களுக்கு மிரியம் ரொத்ஸ்சைல்ட் பெயரில் புலமைப்பரிசில் உண்டு. பட்டம் முடித்த கையோடு இதற்குப் போட வேண்டாம். ஒக்ஸ்போர்டில் டேவிட் மெக்டொனால்ட் 1986இல் நிறுவிய வனவிலங்குப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவான வைல்ட்க்ரூ, வளர்முக நாட்டு இளம் பாதுகாவலர்களுக்கென்றே ஒரு பட்டப்பின் டிப்ளோமாவை நடத்தியது. களக் கணக்கெடுப்பும் புள்ளிவிபரமும்தான் அதன் உயிர். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடம் ஆட்களை எடுக்கிறார்களா என்பதை அவர்களுடைய பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் யுனான் மாகாணத்து ஷிஷுவாங்பன்னா வெப்பவலயத் தாவரவியல் பூங்கா, சீன விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தது. அங்கே இலங்கையர் பலர் படித்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் முதலில் ஏற்றுக்கொண்டால்தான் புலமைப்பரிசில் விண்ணப்பம் நகரும். அந்த மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்ததன் அடையாளம் அதில் இருக்க வேண்டும். கலாநிதிப் படிப்புக்கும் பெரும்பாலும் இதே விதிதான், எந்த நாடானாலும்.

இந்தியாவை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கையருக்கென்றே உள்ளது. கொழும்பு உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைப் பாருங்கள், கண்டி உதவி உயர்ஸ்தானிகராலயத்திலும் விசாரிக்கலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் துறை இருக்கிறது. எந்தக் கல்லூரி எந்தத் திட்டத்துக்குள் வரும் என்பதைப் போடுமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் ஒரே பல்லுயிர்த்தன்மைச் செறிவிடமாகக் கணிக்கப்படுவதால் நீலகிரியில் கற்பது நுவரெலியாவுக்கு அப்படியே பயன்படும். வனஜீவராசிகள் திணைக்களத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு தேராதூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் வனவிலங்கு முகாமைத்துவ டிப்ளோமா தனியாக உண்டு.

நோர்வே இலவசம் என்று இன்னமும் இணையத்தில் எழுதிக்கிடக்கிறது. 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர் அங்கே கட்டணம் கட்ட வேண்டும்.

எழுதுவது

"சின்ன வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் மீது அளவற்ற அன்பு. மனிதனும் இயற்கையும் இணைந்து வாழ வேண்டும் என்பதே என் இலட்சியம்." நூறு படிவத்தில் எண்பது இப்படித்தான் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் இடம் இல்லை, இனம் இல்லை, செய்த வேலை இல்லை, தெரியாதது எது என்பதும் இல்லை.

மாற்றாக, கற்பனையான ஒரு பந்தி: "ஒரு தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில், 14 மாதம், காட்டோரத்தையும் லயங்களுக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்திகளையும் மாதம் ஒருமுறை நடந்து கண்ணிகளைக் குறித்தேன். பெரும்பகுதி பாத்தியோரத்தில்தான் இருந்தது. ஆகவே காட்டு எல்லையில் ரோந்து போவதைவிடப் பன்றிச் சேதத்தைக் குறைப்பது அதிக பயன் தருமா என்பதே என் கேள்வி. இதைச் சோதிக்க எனக்கு மாதிரியெடுப்பு வடிவமைப்பும் சமூக ஆய்வு முறையும் தெரியாது. உங்கள் பாடநெறியின் இந்த இரு அலகுகள் அதைத் தருகின்றன." ஐந்தே வரியில் செய்தது, கண்டது, கேள்வி, குறை, அந்தக் குறையை அந்தப் படிப்பு எப்படி நிரப்பும் என்பதெல்லாம் வந்துவிட்டது. அபிவிருத்திக்கு என்ன பயன் என்று பொதுநலவாயப் படிவம் கேட்கும்போதும் இதே நூலைப் பிடித்துப் போங்கள்: மரக்கறி காப்பாற்றப்பட்டால் தோட்டக் குடும்பத்தின் மாத வருமானத்தில் என்ன மிஞ்சும், அதை எப்படி அளப்பீர்கள், திரும்பி வந்து எந்த அலுவலகத்தோடு சேர்ந்து செய்வீர்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அதை யாரும் அளக்க முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளரிடம் குறைந்தது நான்கு கிழமை முன்னதாகப் போங்கள். "சேர், கடிதம் ஒன்று வேணும்" என்று மட்டும் கேட்டால் நல்ல பிள்ளை, ஒழுங்காக வருவார் என்ற கடிதம்தான் கிடைக்கும். அது உதவாது. அவரோடு செய்த ஆய்வின் தலைப்பு, நீங்களே செய்த பகுதி, பெற்ற புள்ளி, விண்ணப்பிக்கும் படிப்பு, கடைசித் தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைச் சில இடங்களில் ஏற்பதில்லை. படிவத்திலிருந்து போகும் இணைப்பு சிலவேளை ஸ்பாமில் விழும். போன் எடுத்து விசாரிப்பதில் தப்பில்லை.

கடதாசி வேலை

மலையகத்தில் அதிகம் அடிபடுவது பெயரில். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில், பாடசாலைப் பதிவு தமிழில், பட்டச் சான்றிதழ் ஆங்கிலத்தில் என்று போகும்போது ஒரே லெட்சுமிக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வந்துவிடும். அப்பாவின் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் நிற்கும். காலங்கடந்து பதிந்த பிறப்புப் பத்திரம் என்றால் தேதியும் மாறியிருக்கலாம். விசா வரும் நேரத்தில் இதைத் திருத்த நேரம் இருக்காது. பட்டமளிப்புக்கு முன்பே பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையில் பெயரைச் சரிபாருங்கள், அச்சானபின் மாற்றுவது நெடுங்கதை. கடவுச்சீட்டை ஆரம்பத்திலேயே எடுத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்துப் போடுங்கள். மற்றப் பத்திரங்களில் உள்ள வித்தியாசத்துக்கு "இவையெல்லாம் ஒரே ஆள்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும்.

ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கில் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையாமல் என்பது பரவலான அளவு, கேம்பிரிட்ஜ் போன்றவை இன்னும் கூடக் கேட்கும். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே மிக முந்தி எழுதி வீணாக்க வேண்டாம். கண்டியிலும் எழுதலாம். தோட்டப் பாடசாலையில் தமிழ்மொழியில் படித்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்துப் பகுதிதான் இழுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. பரீட்சைக் கட்டணம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கக்கூடியது என்பதால் மாதிரித் தாளில் தொடர்ந்து 6.5 வந்தபின் பணத்தைக் கட்டுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலமொழியில் பட்டம் படித்ததற்கான கடிதத்தையே ஏற்கும், அதை முதலில் எழுதிக் கேளுங்கள்.

"முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம்" என்று பணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். மேலே சொன்ன எந்தத் திட்டத்துக்கும் இடைத்தரகர் தேவையில்லை. கட்டணத்தில் 5,000 பவுண் கழிவு என்பது புலமைப்பரிசில் அல்ல, மிச்சத்தைக் கட்ட அப்பா அம்மாவின் ஈபிஎஃப் போகும்.

அரச சேவையில் இருக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வெளிநாட்டுக் கல்வி விடுமுறைக்கு, புலமைப்பரிசில் கிடைத்தபின் அல்ல, விண்ணப்பிக்கும்போதே திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். திரும்பி வந்து எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும், பிணை யார் வைப்பது, சம்பளத்தோடா சம்பளமில்லாமலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிணைக்கு நிற்க உத்தியோகம் பார்க்கும் உறவினர் இல்லாத குடும்பங்களில் கடைசி நிமிடத்தில் படிப்பு நின்றுபோவது இந்த இடத்தில்தான். பிரித்தானிய விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை, கொழும்புக்குப் போய்வர ஒருநாள் ஒதுக்குங்கள். பிணைக்காரரை ஒக்டோபரிலேயே பேசி வையுங்கள்.